கோட்டம் எடுக்க முடியாத சக்கரம்!

கும்மிடிப்பூண்டி பைபாஸ். விடியற்காலை அஞ்சரை மணி. சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கேரியரில் டிபன் பாக்ஸைச் செருகிக்கொண்டு ஒருத்தர் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார். இருபது கிலோவைத் தொடும் வண்டி. செயின் கவர் 'டக்... டக்...' என்று தாளம் போடுகிறது. திடீரென்று பின்னாலிருந்து 'வ்வ்வூம்' என்று ஒரு சத்தம். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய டிரஸ், மடங்கிய முதுகு... நாலு பேர் வரிசையாகத் தாண்டித் தடா பக்கம் பறக்கிறார்கள். அவர்கள் வண்டி எட்டு கிலோகூட இருக்காது.

அந்த 'வ்வ்வூம்' எங்கிருந்து வந்தது தெரியுமா? உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஆழமான கார்பன் ஃபைபர் ரிம்மிலிருந்து. கடம் மாதிரி, சத்தத்தைப் பெருக்கிக் காட்டும். ஒருமுறை கேட்டுட்டா மனசு கெட்டுப்போகும் பாஸ்!

உங்க கிளாஸ்லயும் நிச்சயம் ஒருத்தர் இருப்பார். அப்பாவை நச்சரித்து ரோடு பைக் வாங்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமை நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போயாச்சு. அடுத்த ஆசை? "மச்சி, கார்பன் வீல் மட்டும் போட்டுட்டேன்னு வெச்சுக்க..." அந்த ஒருத்தர் நீங்களாகவே இருந்தா, இதை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் அப்பாகிட்ட பேசுங்க. ஏன்னா ஒரு ஜோடி கார்பன் சக்கரம் சுமார் ஐம்பதாயிரத்தில் ஆரம்பித்து லட்சங்களில் போய் நிற்கும். பல வீடுகளில் அது ஒரு செமஸ்டர் ஃபீஸ்!

முதல்ல கணக்கு. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான்.

சுழலும் பொருளில் எடை எங்கே இருக்கு என்பது முக்கியம் என்று படிச்சிருப்பீங்க. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் எடை முன்னால் மட்டும் நகர்ந்தால் போதும். விளிம்பில் இருக்கும் ரிம்முக்கு ரெண்டு வேலை. முன்னாலும் போகணும், சுத்தவும் சுத்தணும். அதனால் வேகம் கூட்டும்போது ரிம்மில் இருக்கும் ஒரு கிராம், ரெண்டு கிராம் மாதிரி நடந்துகொள்ளும். 'ரிம் எடையைக் குறை' என்று சைக்கிள்காரர்கள் மந்திரம் ஓதுவது இதனால்தான். மந்திரம் சரி. ஆனா பலன் எவ்வளவு?

நீங்களும் வண்டியும் சேர்ந்து 78 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகம் பிடிக்க உத்தேசமாக 3,900 ஜூல் ஆற்றல் வேணும். இப்ப ரெண்டு ரிம்மிலும் சேர்த்து 400 கிராம் குறைச்சுட்டீங்க. மிச்சமாவது எவ்வளவு? ரெட்டிப்புக் கணக்கையும் சேர்த்து 40 ஜூல். நூற்றில் ஒரு பங்கு. 200 வாட் மிதிக்கிற ஒருத்தருக்கு அது 0.2 நொடி. கண் சிமிட்டும் நேரம்! வேகம் பிடித்து ஒரே சீராகப் போக ஆரம்பித்துவிட்டால் அந்த லாபமும் இல்லை. சமதரையில் சுத்துகிற சக்கரம் தன் எடையைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை.

சரி, மலை ஏறினா? அங்கே லாபம் இருக்கு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுறீங்க. உயரம் சுமார் 1,200 மீட்டர் கூடும். 400 கிராமை அவ்வளவு தூரம் தூக்காமல் விட்டால் மிச்சம் சுமார் 4,700 ஜூல். அதே 200 வாட்டில் 23, 24 நொடி. ஏற மொத்தம் ஆகும் நேரம்? எப்படியும் ஒண்ணேகால் மணிக்கு மேல்! ரேஸில் முதல் ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவில் 24 நொடி இருந்தால் அது மெடல். டீ குடிக்க ஏறுகிற நமக்கு? தண்ணி பாட்டிலைப் பாதி நிரப்பிக்கொண்டு போனாலே கிட்டத்தட்ட அந்த மிச்சம் வந்துடும். ஓசியில்!

அப்ப உலகத்துல இருக்கிற ரேஸ்காரங்க எல்லாம் முட்டாள்களா? இல்லை. அவர்களுக்குத் தேவை எடைக் குறைப்பு மட்டும் இல்லை, காற்றை வெட்டுவது. சக்கரத்தின் உச்சிப்புள்ளியைப் பாருங்க. வண்டி மணிக்கு 40-ல் போகும்போது, அந்த உச்சி 80-ல் முன்னால் பாய்கிறது. ஒவ்வொரு கம்பியும் காற்றைக் கடைகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதை ஜெயிக்கத் தேவையான பவர் எட்டு மடங்கு. ரிம்மை ஆழமாக்கி, கம்பிகளைக் குட்டையாக்கி, எண்ணிக்கையையும் குறைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். அலுமினியத்தில் அவ்வளவு ஆழமாகச் செய்தால் சக்கரம் கனத்துவிடும். கார்பனில் செய்தால் ஆழமும் கிடைக்கும், எடையும் ஏறாது. விஷயம் அதுதான்.

எடையைப் பொறுத்தவரை ரேஸில் இன்னொரு தமாஷ் இருக்கு. சர்வதேச சைக்கிள் யூனியன் 2000-ம் வருஷத்திலிருந்தே ஒரு சட்டம் வைத்திருக்கிறது. ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது. கார்பன் போட்டுப் போட்டு இளைத்துப்போன சைக்கிள்களில், எடை போதாமல் மெக்கானிக்குகள் உலோகத் துண்டுகளைச் சேர்த்து 6.8-க்குக் கொண்டுவந்த கதையெல்லாம் உண்டு.

அம்பத்தூர் வரைக்கும் ஒரு டிரிப்!

நம்ம ஏரியாவுக்கு வருவோம். எம்.டி.ஹெச். ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு 'டி.ஐ. சைக்கிள்ஸ்' ஸ்டாப்பிங் பழக்கம். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து அம்பத்தூரில் ஆரம்பித்த கம்பெனி. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் என்று நம்ம அப்பா, தாத்தா காலத்துக் கனவுகளெல்லாம் இதன் தயாரிப்புகள்தான். சைக்கிளுக்கு வேண்டிய ஸ்டீல் குழாய்க்கு ஆவடியில் ஒரு ஃபேக்டரி, செயினுக்கு அம்பத்தூரிலேயே இன்னொண்ணு. குழாய், செயின், ஃப்ரேம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள்ளேயே! 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும்வரை அம்பத்தூரும் திருவள்ளூர் மாவட்டம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

அந்த டி.ஐ. சைக்கிள்ஸ்தான் 2011-ல் 'மான்ட்ரா' என்ற பெயரில் கார்பன் ஃப்ரேம் சைக்கிள்களைக் கொண்டுவந்தது. நம்ம ஊர்க் கம்பெனியின் பெயர் போட்ட கார்பன் சைக்கிள்! அதுவரை கார்பன் வேணும்னா வெளிநாட்டு பிராண்டைத்தான் பார்க்கணும். 'மான்ட்ரா'வா, எங்கேயோ கேட்ட பேரா இருக்கே என்கிறீர்களா? சிக்னலில் உங்களைத் தாண்டிப் போகும் எலெக்ட்ரிக் ஆட்டோவின் பின்னால் பார்த்திருப்பீங்க. 2022-லிருந்து அந்தப் பெயர் அதே குழுமத்தின் ஆட்டோக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரேம் சரி, ரிம்? கார்பன் ரிம்களுக்குப் பேர்போன ஊர்கள் சீனாவின் ஷியாமென், தைவானின் தைச்சுங். நம்ம பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் முழுக்க இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்கள். கார்பன் வேலை அதுக்கு நேர் எதிர். நெருப்புப் பொறி கிடையாது, சம்மட்டி கிடையாது. தையல் கடை மாதிரி இருக்கும்.

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் தெரியும்தானே? அதன் நெருங்கிய சொந்தக்காரன் பாலி அக்ரிலோநைட்ரைல் என்ற இழை. அதை முதலில் 200, 300 டிகிரியில் பதமாகச் சுட்டு, அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் மற்றதெல்லாம் ஆவியாகிக் கார்பன் மட்டும் மிஞ்சும். உங்க தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அதைத் துணியாக நெய்தோ, ஒரே திசையில் அடுக்கியோ, ரெசினில் தோய்த்து ஃப்ரீசரில் வைத்திருப்பார்கள். வெளியே விட்டால் மெதுவாக இறுகிவிடும். வேணும்போது எடுத்து, பேட்டர்ன் வைத்துக் கத்தரித்து, அச்சுக்குள் ஒவ்வொரு துண்டாகக் கையால் ஒட்டுவார்கள். ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்தது சாய்வாக. ஏன்னா மூங்கில் பிளாச்சு மாதிரி, நார் ஓடும் திசையில்தான் இதற்கு பலம். குறுக்கே நோஞ்சான். உள்ளே ஒரு பலூனை ஊதி, அச்சை மூடி, சுமார் 120, 150 டிகிரியில் வேகவைத்து எடுத்தால் ரிம் ரெடி. எங்கேயாவது ஒரு சுருக்கம், ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால், வெளியே தெரியாது. மேலே போட்ட பெயின்ட் பளபளன்னுதான் இருக்கும். விலை வித்தியாசத்தில் பாதி இந்தக் கைவேலைக்கும் செக்கிங்குக்கும்தான்.

இந்தக் கைவேலையின் உச்சம் ஒண்ணு ஜெர்மனியில் இருக்கு. ஹைன்ஸ் ஓபர்மேயர், ருடால்ஃப் டீர்ல் என்று ரெண்டு பேர் சொந்தப் பட்டறையில் கையாலேயே சக்கரம் செய்தார்கள். ரிம் மட்டுமில்லை, கம்பியும் கார்பன். எல்லாம் சேர்ந்து ஒரே பொருள். பெயரே 'லைட்வெயிட்'. 1996-லும் 1997-லும் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்த டெலிகாம் அணிக்காரர்கள், பியார்னே ரீஸும் யான் உல்ரிஷும், இந்தச் சக்கரத்தை ஓட்டினார்கள். (சக்கரம் மட்டும் காரணம் இல்லை. ஊக்கமருந்தும் எடுத்ததாக ரீஸே 2007-ல் ஒப்புக்கொண்டார்!) இப்ப அந்தச் சக்கரம் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் என்ற ஊரில் தயாராகிறது. செப்பலின் ஆகாயக் கப்பல் பிறந்த ஊர். லேசான பொருள் செய்வது அந்த மண்ணின் ராசி போலிருக்கு.

ஆனா அந்தச் சக்கரத்தில் ஒரு சங்கடம். கம்பி ரிம்மோடு ஒட்டியே இருப்பதால், நம்ம தெருமுனை சைக்கிள் கடையில் நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுப்பார்களே... அது முடியாது. கோணினால் கம்பெனிக்கே பார்சல்!

லேசுக்கு ஒரு உண்மையான அர்த்தம் வேணும்னா, அப்துல் கலாம் தன் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம்தான். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கார்பன் பொருளை, ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்து எலும்பு டாக்டர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்தார். கலாமை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனார். அங்கே மூணு கிலோவுக்கு மேல் கனமுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகள். மூணே வாரத்தில் 300 கிராமில் காலிப்பர் தயார். குழந்தைகளின் பெற்றோர் கண்ணில் தண்ணீர். சைக்கிளில் 400 கிராம் 0.2 நொடி, அந்தக் குழந்தையின் காலில் அதே கிராம்களின் கணக்கே வேற.

கோழி கெடுத்த கம்பெனி!

கார்பனின் வீக்னஸ் என்ன? அடி. ஒரே இடத்தில் சுரீர் என்று விழும் அடி. இதுக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி தன் ஆர்.பி. 211 விமான இன்ஜினுக்குக் கார்பன் ஃபைபர் விசிறி இலைகளைச் செய்தது. எல்லா டெஸ்ட்டும் ஓ.கே. கடைசியில் பறவை மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க, 1970-ல் ஒரு செத்த கோழியை வேகமாக இன்ஜினுக்குள் சுட்டார்கள். இலைகள் தூள் தூள்! டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இன்ஜினுக்கு ஆன செலவின் பாரம் தாங்காமல் 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் திவால்.

இப்ப அந்தக் கோழிக்குப் பதில் நம்ம ரோட்டுப் பள்ளத்தை வைத்துப் பாருங்க. ட்ரெய்லர் லாரிகள் நாள் முழுக்க உழுதுபோடும் சிப்காட் சாலை. மழை பெய்து பள்ளத்தில் தண்ணி நின்னா ஆழம் தெரியாது. அலுமினிய ரிம் அடி வாங்கினா நசுங்கும். கண்ணுக்குத் தெரியும், பிரேக் பிடிச்சா 'கிர்ர்' என்று சொல்லும். கார்பன் நசுங்காது. ஒண்ணும் ஆகாத மாதிரி நிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். என்னிக்கோ ஒருநாள், நாற்பதில் போகும்போது அது வெளியே வரும். முன்சக்கரம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது சூடு. ரிம்மில் கட்டை பிடிக்கும் பழைய டைப் பிரேக் என்றால், இறக்கத்தில் ரிம் கொதிக்கும். அலுமினியம் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். கார்பனில் ரெசின் இளக ஆரம்பிக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு! இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் புடைத்து, ட்யூப் வெடிப்பது வரை போகும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு இந்தத் தலைவலி போச்சு. 2018-லிருந்து பெரிய ரேஸ்களிலும் அதற்கு முழு அனுமதி. அதனால் செகண்ட்ஹேண்டில் 'ரிம் பிரேக் கார்பன் வீல், செம சீப்' என்று யாராவது ஆசை காட்டினால், ஏன் சீப் என்று கேளுங்க.

கேட்கிறதோட நிறுத்தாதீங்க. வெளிச்சத்தில் ஒவ்வொரு கம்பி ஓட்டையையும் பாருங்க, முடி மாதிரி கீறல் ஓடுதா என்று. ஒரு ரூபாய்க் காசால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாங்க. 'டிக் டிக்' என்று வருவது ஒரு இடத்தில் 'தப்' என்று மழுங்கினால், அங்கே அடுக்கு பிரிந்திருக்க வாய்ப்பு இருக்கு. தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்குகிற நமக்கு இதைச் சொல்லித்தரணுமா என்ன? ஆனா சத்தம் சரியா வந்துட்டா ரிம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துடுங்க. டயர் கொக்கி இல்லாத புது டைப் ரிம் என்றால் காற்று 5 பாருக்கு மேல், அதாவது 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பார்க்காமல் 'புஸ்ஸ்' என்று அடிக்கிற பழக்கத்தை அன்னிக்கே விட்டுடணும்.

ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். மதியத்துக்கு மேல் கடற்காற்று பக்கவாட்டில் வரும்போது ஆழமான முன் ரிம் பாய்மரமாக மாறிவிடும். லாரி ஒண்ணு தாண்டி, காத்து நின்னு, மறுபடி அடிக்கும்போது ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 50 கிலோகூட இல்லாத ஒல்லிப் பசங்க கவனம்!

சரி, கையில் கொஞ்சம் காசு இருக்கு, வேகமும் வேணும். என்ன செய்யலாம்? என்னைக் கேட்டா முதல் செலவு டயர். நல்ல ரேஸ் டயர் ஒரு ஜோடி, கார்பன் சக்கரத்தின் விலையோடு பார்த்தால் ரொம்பக் கம்மி. வண்டியோடு வந்த தடி டயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்க, முதல் கிலோமீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். அதுவும் ஏற்றம், சமதரை எல்லா இடத்திலும், எல்லா நொடியும் உழைக்கும். டயரின் மகிமை தெரியணும்னா நம்ம கும்மிடிப்பூண்டி தாலுகாவிலேயே சாட்சி இருக்கு. தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் லாரி, பஸ் டயர் செய்கிறதே மிச்செலின், அந்தக் கம்பெனி உலகத்துக்குத் தெரிஞ்சதே சைக்கிள் டயரால்தான். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ரேஸ். சார்லஸ் டெரோன், மிச்செலின் சகோதரர்கள் செய்த, சுலபமாகக் கழற்றி மாட்டும் டயரைப் போட்டுக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். அதுக்கு முன்னாடி பஞ்சர் என்றால் ஒட்டிய டயரைப் பிய்த்து எடுத்து, மறுபடி ஒட்டிக் காயும்வரை காத்திருக்கணும்.

ரெண்டாவது, உங்க உடம்பு. காற்றை மறிப்பதில் சக்கரம் சின்னத் திருடன்தான், பெரிய திருடன் நீங்க. சீட் உயரம், ஹேண்டில் தூரம் எல்லாம் சரிபண்ணி, முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்தினால் வரும் லாபத்தை எந்த ரிம்மும் தராது. மூணாவது, கும்பலோடு ஓட்டக் கத்துக்கறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம்.

இதெல்லாம் பண்ணியாச்சு, மாநில அளவில் ஓட்டறீங்க, மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் வளையம் வந்து பழகறீங்க, நேஷனல்ஸ் போகணும்னு வெறி இருக்கு... அப்ப கார்பன் வாங்குங்க. தப்பே இல்லை. அந்த 24 நொடி அப்ப உங்களுக்கு உண்மையிலேயே வேணும். டிஸ்க் பிரேக்குக்கானது, உங்க எடையைத் தாங்கும் என்று எழுதிக்கொடுத்தது, வாரன்ட்டி உள்ளது, ஸ்டீல் கம்பி போட்டது. கடைசிச் சொல்லைக் கவனிங்க. ரிம் கார்பனாக இருந்தாலும் கம்பி ஸ்டீலாக இருந்தால், ஒரு கம்பி அறுந்தாலும் புதுசு போட்டு உங்க ஊரிலேயே கோட்டம் எடுக்கலாம்.

அதுவரைக்கும்? வீட்டில் ப்ளஸ் ஒன்னில் கவர்ன்மென்ட் கொடுத்த சைக்கிள் துரு பிடிச்சு நிக்குதுதானே? அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்க. சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக் கீ வாங்கிக்குங்க, விலை ரொம்பக் கம்மி. ஒரு சாக்பீஸை ஃபோர்க்கில் அழுத்திப் பிடித்து, ரிம்மை லேசாகத் தொடுகிற மாதிரி வைத்துச் சுத்துங்க. கோணல் இருக்கிற இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு இடதுபக்கம் என்றால் அந்த இடத்தில் வலதுபக்க ஹப்பிலிருந்து வரும் கம்பியைக் கொஞ்சம் இறுக்கி, இடதுபக்கக் கம்பியை அதே அளவு தளர்த்தணும். மறுபடி சுத்திப் பாருங்க. ஒரு தடவைக்குக் கால் திருகு. அதுக்கு மேல வேண்டாம், எட்டு போட்டுடும்.